வகுப்பறையிற் கைத்தொலைபேசி

கல்விக்குரிய கருவிகள் காலந்தோறும் மாறி வந்துள்ளன. திண்ணைப் பள்ளியில் மணலிலே விரலால் எழுத்துப் பழகிய சிறுவன், கை தேறியபின் ஏட்டையும் எழுத்தாணியையும் பெற்றான். அச்சுப் புத்தகமும் கற்பலகையும் வந்தபோது ஏடு பரணுக்குச் சென்றது. பின்னர்க் கற்பலகையின் இடத்தைக் கொப்பி பிடித்தது. மாற்றம் நேர்ந்த ஒவ்வொரு வேளையிலும் மூத்தோர் ஐயுற்றனர். அவ்வையம் முற்றும் பிழையென்று சொல்லுதற்கில்லை. ஏடு சென்றபோது மனனமும் ஓரளவு உடன் சென்றதன்றோ? இன்று அவ்வகை ஐயத்துக்கு இலக்காகி நிற்பது கைத்தொலைபேசி. அதனை வகுப்பறைக்குள் விடலாமா, வாயிலிலேயே தடுத்தல் வேண்டுமா என்னும் வினா உலகெங்கும் எழுந்துள்ளது. கல்முனைக்கு வடக்கே, கடலை நோக்கிக் கிடக்கும் பாண்டிருப்பு போன்ற ஊர்களிலும் அவ்வினா ஆசிரியர்க்கும் பெற்றோர்க்குமிடையே நாள்தோறும் எழுகின்றது.

இவ்வினாவை ஆராய்தற்குப் பழைய அளவுகோலொன்று தமிழில் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டிற் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், பாடஞ் சொல்லும் முறையையும் கேட்கும் முறையையும் விரித்துரைக்கின்றது. ஆசிரியன் உரைத்ததை ஒரு மாணாக்கன் குறைவறக் கேட்டுக்கொண்டாலும் அவன் பெறுவது புலமையிற் காற்பங்கே என்பது அந்நூலின் கருத்து. உடன் கற்போரோடு பயிலுங்கால் மற்றொரு காற்பங்கு வந்து சேரும். எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே நிரம்பும். இருமுறை கேட்டல் பிழையை நீக்கும் என்றும், மும்முறை கேட்டவன் முறையறிந்து உரைக்க வல்லனாவான் என்றும் அந்நூல் கூறும். கேட்டல், கூடிப் பயிலல், எடுத்துரைத்தல் என்னும் இம்மூன்றனுள் எதற்குக் கைத்தொலைபேசி துணை செய்கின்றது, எதற்குத் தடையாகின்றது என்று வினவினால், விடுவதா தடுப்பதா என்னும் வழக்குத் தெளிவுபெறும்.

இலங்கையிற் கைத்தொலைபேசிச் சேவை 1989 ஆம் ஆண்டில் ‘செல்ரெல்’ நிறுவனத்தாற் தொடங்கப்பெற்றது. தென்னாசியாவில் இதுவே முதன்மையானது. எனினும் போரின் காரணமாக அது கிழக்குக் கரையை அடைதற்குப் பல ஆண்டுகள் கழிந்தன. அடைந்தபோதும் கல்விக் கருவியாக அது வரவில்லை. கல்முனை, பாண்டிருப்பு, மருதமுனை, பெரியநீலாவணை எனத் தொடரும் இவ்வூர்களிற் பல வீடுகளுக்கு முதற் கைத்தொலைபேசியைக் கொணர்ந்தவர் வளைகுடா நாடுகளுக்குத் தொழில் நாடிச் சென்ற தாயோ தந்தையோ தமையனோ ஆவர். பிரிந்தவர் குரலைக் கேட்டற்கு அது வேண்டப்பட்டது. கடற்றொழிலாளர்க்கோ அது தொழிற்கருவியாயிற்று. கேரளக் கரையில் 1997 ஆம் ஆண்டு தொடக்கம் 2001 ஆம் ஆண்டு வரை கைத்தொலைபேசி பரவியபோது, மத்தி மீனின் விலை துறைக்குத் துறை வேறுபட்டுக் கிடந்த நிலை நீங்கி ஏறத்தாழ ஒருமைப்பட்டதையும், விலைபோகாது கடலிற் கொட்டப்பட்ட மீன் குறைந்ததையும் ரொபேட் ஜென்சன் என்னும் பொருளியலறிஞர் 2007 இல் வெளியிட்ட ஆய்வில் எடுத்துக்காட்டினார். தோணியிலிருந்தவன் பேசினான், துறையிலே விடை சொல்ல ஒருவன் இருந்தான். கருவியின் பயன் அவ்விருவராலும் விளைந்தது.

இக்கருவி ஒரே நாளிற் பள்ளியின் பணியையும் ஏற்க நேர்ந்தது. கொரோனாத் தொற்றின் காரணமாக 2020 மார்ச் 13 ஆம் நாள் தொடக்கம் இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டன. அதுவரை பாடசாலை வாயிலிற் பறிமுதல் செய்யப்பட்ட பொருள், அடுத்த சில வாரங்களில் மாணவனுக்கு இன்றியமையாததாயிற்று. ஆசிரியர் ‘வட்ஸ்அப்’ குழுக்களை அமைத்தனர். கல்வி அமைச்சின் ‘ஈ-தக்சலாவ’ இணையத்தளத்தில் மூன்று மொழிகளிலும் பாடங்கள் இருந்தன. (பழைய தக்கசீலத்தின் பெயரே இவ்வுருவில் மீண்டது போலும்.) ‘குருகெதர’ என்னும் நிகழ்ச்சித் தொடர் தொலைக்காட்சியிற் சிங்களத்திலும், நேத்ரா அலைவரிசையில் தமிழிலும் ஒளிபரப்பாயிற்று. கணினியோ, அந்நாளில் இந்நாட்டு வீடுகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினவற்றிலேயே இருந்தது. ஆதலின் பெரும்பாலான பிள்ளைகட்குப் பள்ளி என்பது உள்ளங்கையளவு கண்ணாடியாகச் சுருங்கிற்று.

அச்சுருக்கத்தின் துன்பத்தை ஆண்டு கணக்கிற் பலர் கண்டனர். வீட்டில் ஒரு தொலைபேசி, பிள்ளைகள் மூவர். தரம் பதினொன்றிற் பயிலும் மூத்தவளுக்கே முதலுரிமை. தரம் நான்கிற் பயிலும் இளையவன் காத்திருந்தான். தந்தை கடலுக்கோ வயலுக்கோ கூலிக்கோ செல்லும்போது அதனையும் கொண்டு செல்வார்; காலையில் அனுப்பப்பட்ட பாடத்தைப் பிள்ளை இரவிலே கண்டது. ‘ரீலோட்’ செய்யும் பணம் அரிசி வாங்கும் பணத்திலிருந்தே எடுக்கப்படவேண்டியிருந்தது. ஊவா மாகாணத்துப் போகிட்டியாவைக் கிராமத்தில் அலைவரிசை கிட்டாமையால் மாணவரும் ஆசிரியரும் மலையேறியதும் மரமேறியதும் 2021 ஆம் ஆண்டிற் செய்தியாயின. அவ்வாண்டு யூலை 12 ஆம் நாள் ஆசிரியர் சங்கங்கள் சம்பள முரண்பாட்டை முன்னிட்டு இணையவழிக் கற்பித்தலினின்றும் விலகின. அவ்விலகல் மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தது. 2022 இல் எரிபொருள் கிடையாமையாற் பாடசாலைகள் மீண்டும் மூடப்பட்டபோது, நீண்ட மின்வெட்டுக்களால் மின்னேற்றம் செய்தலே அரிதாயிற்று.

இவையாவும் பொருளில்லாமையால் நேர்ந்த குறைகள். பொருளிருந்த வீட்டிலும் ஒரு குறை இருந்தது; அதுவே இக்கட்டுரைக்கு முதன்மையானது. பல குழுக்களில் நடந்தது யாது? ஆசிரியர் தம் குறிப்பைப் படமெடுத்து அனுப்பினார். பிள்ளை அதனைப் பெருப்பித்தும் நகர்த்தியும் கொப்பியில் எழுதியது. எழுதிய பக்கத்தைப் பிள்ளை படமெடுத்துத் திருப்பியனுப்ப, அதற்குப் பெருவிரல் உயர்த்திய குறியொன்று விடையாக வந்தது. இது படியெடுத்தலேயன்றிக் கற்பித்தல் ஆகாது. நன்னூல் சொல்லும் முதற் காற்பங்கே இதனிற் கிட்டிற்றோ என்பது ஐயம். விளங்காத இடத்தை வினவ மாணவன் தயங்கினான். நாற்பது பேர் காணும் குழுவில் அறியாமையை எழுத்தில் வைத்தல் எளிதன்று. பக்கத்திலிருப்பவனை முழங்கையால் இடித்து, “இது எப்படியடா?” என்று கேட்கும் வாய்ப்பு அங்கில்லை. வகுப்பறையின் கல்வியிற் பெரும்பகுதி அவ்விடிப்பினாலேயே நடந்து வந்தது என்பதை அதனை இழந்தபின்னரே பலர் உணர்ந்தனர். குரற்பதிவு அனுப்பிய ஆசிரியர் மட்டும் ஒரு நன்மை கண்டனர். மெல்லக் கற்கும் பிள்ளை அதனை இருமுறை, மும்முறை கேட்க முடிந்தது. வகுப்பில் அப்பிள்ளைக்கு அவ்வாய்ப்பு ஒருபோதும் கிட்டியதில்லை.

இதே காலத்தில் ஆபிரிக்காவின் பொட்சுவானா நாட்டில் நடந்த ஆய்வொன்று ஈண்டு நினைக்கத்தக்கது. அங்கு நாலாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட குடும்பங்களைத் தெரிந்து, சிலர்க்கு வாரந்தோறும் எண்கணிதப் பயிற்சிகளைக் குறுஞ்செய்தியாக மட்டும் அனுப்பினர். வேறு சிலர்க்குக் குறுஞ்செய்தியோடு வாரம் ஒருமுறை பதினைந்து இருபது நிமிட நேரம் தொலைபேசியிற் பேசினர். பேச்சுக் கிடைத்த பிள்ளைகளின் கணக்கறிவு தெளிவாக உயர்ந்தது. செய்தி மட்டும் பெற்றோரிடத்து விளைவு கலப்பாகவே இருந்தது. இவ்வாய்வு 2022 இல் வெளியாயிற்று. பின்னர் இந்தியா, நேபாளம், கென்யா, உகண்டா, பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளிலும் இம்முறை செய்து பார்க்கப்பட்டு நற்பயன் காணப்பட்டது. கவனிக்க வேண்டுவது யாதெனில், இதற்குத் திறன்பேசி வேண்டியதில்லை, இணையமும் வேண்டியதில்லை. பொத்தான் அழுத்திப் பேசும் பழைய தொலைபேசியே போதியதாயிற்று. மறுமுனையில் ஒரு மனிதர் இருந்து, பிள்ளையின் நிலையறிந்து வினவினார் என்பதே வேறுபாடு. இதற்கு முன்னரே, 2007 இல், தென்னாபிரிக்காவிற் பிரிட்டோறியா நகரில் ‘டொக்டர் மாத்’ என்னும் திட்டம் தொடங்கிற்று. கணக்குத் தெரியாத மாணவன் தன் கைத்தொலைபேசியிலிருந்து எழுதிக் கேட்பான். பல்கலைக்கழக மாணவரொருவர் வழிகாட்டி எழுதுவார். அதன் அடிப்படையும் இதுவேயாகும்.

இனித் தடையை வேண்டுவோர் கூற்றை நோக்குதல் தகும். அவர் கூற்று வெறும் அச்சத்தினின்றும் எழுந்ததன்று. பிரான்சு நாடு 2018 ஆம் ஆண்டிலே சட்டமியற்றி, ஆரம்பப் பள்ளியிலும் இடைநிலைப் பள்ளியிலும் மாணவர் கைத்தொலைபேசியைப் பயன்படுத்துதலைத் தடுத்தது. யுனெஸ்கோ 2023 யூலையில் வெளியிட்ட உலகக் கல்வி அறிக்கை, கவனம் கலைந்த மாணவன் மீண்டும் பாடத்தில் ஊன்றுதற்கு இருபது நிமிடம் வரை செல்லலாம் எனச் சுட்டிற்று. நாற்பது நிமிடப் பாடவேளையில் இருபது நிமிடம் எத்துணைப் பெரிது! அவ்வறிக்கைக் காலத்தில் தடைவிதித்த நாடுகள் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. 2024 இறுதியில் 79 கல்வி முறைகள், அஃதாவது நூற்றுக்கு நாற்பது, தடையை மேற்கொண்டிருந்தன. இலங்கைப் பாடசாலைகளில் மாணவர் அதனைக் கொண்டுவருதல் நெடுங்காலமாகவே விலக்கப்பட்டு வந்துள்ளது.

ஆய்வுகளோ ஒரே குரலிற் பேசவில்லை. இங்கிலாந்தின் நான்கு நகரங்களிலுள்ள பாடசாலைகளை ஆராய்ந்து பெலாண்ட், மேர்பி என்னும் இருவர் 2015 இல் வெளியிட்ட ஆய்வு, தடைக்குப்பின் பரீட்சைப் பெறுபேறு உயர்ந்தது என்றது. சுவீடனில் அவ்வாய்வை ஒத்து நடத்தப்பட்டு 2020 இல் வெளியான மற்றொன்று அத்தகைய பயன் எதனையும் காணவில்லை. எனினும் இங்கிலாந்து ஆய்வின் ஒரு கூறு நினைவிற் கொள்ளத்தக்கது. தடையாற் பெரிதும் நன்மையடைந்தோர் பின்தங்கிய மாணவரே. முன்னணி மாணவர்க்கு அது நன்மையும் செய்யவில்லை, தீமையும் செய்யவில்லை. தானே தன்னை அடக்கிக் கற்க வல்லவனைத் தொலைபேசி கெடுப்பதில்லை. வகுப்பில் ஆசிரியரின் சொல்லையே முழுவதும் நம்பியிருக்கும் பிள்ளையை அது கெடுக்கின்றது. வீட்டிலே பிரத்தியேக வகுப்புக்கு வழியில்லாத கடலோரப் பிள்ளை இவ்விரண்டாம் வகையினனாதலே பெரும்பான்மை. ஆகவே ஒவ்வொருவரும் தத்தம் தொலைபேசியைக் கொண்டுவரலாம் என்று கதவைத் திறந்துவிடுதல், அப்பிள்ளைக்கு இருமுறை தீங்கிழைக்கும்: உள்ளவன் கவனம் சிதறுவான், இல்லாதவன் நாணி ஒடுங்குவான். சீருடை ஏற்பட்டதன் நோக்கம் யாது என்பதை எண்ணிப் பார்ப்போர்க்கு இது விளங்கும்.

இவ்விரு வழிக்கும் இடையே மூன்றாவதொரு வழியுண்டு. தொலைபேசி மாணவனுடையதாகாது பாடத்தினுடையதாதல் வேண்டும். பரிசோதனைக் கூடத்துத் தராசையும் நுணுக்குக்காட்டியையும் மாணவன் வீட்டிலிருந்து கொண்டு வருவதில்லை. அவை அலுமாரியிலிருந்து எடுக்கப்பட்டு, நால்வர்க்கு ஒன்றாகப் பகிரப்பட்டு, மணியடித்ததும் மீண்டும் அலுமாரிக்குட் செல்கின்றன. கைத்தொலைபேசியையும் அவ்வாறே கொள்ளின், அது பேசுங்கருவி என்னும் நிலை மாறி அளக்குங்கருவியாகும். அதனுள் ஒலியை உணர்வதும், ஒளியை அளப்பதும், அசைவை அறிவதும், காந்தப்புலத்தைக் காட்டுவதுமான நுண்கருவிகள் பல உள்ளன. செருமனியின் ஆக்கன் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தார் 2016 இல் வெளியிட்ட ‘பைபொக்ஸ்’ என்னும் செயலி இவற்றின் அளவைகளைத் திரையிற் காட்டும். அது விலையின்றிக் கிடைப்பது. ஒருமுறை இறக்கிக்கொண்டால் இணையம் வேண்டாது. சிம் அட்டையும் வேண்டாது.

உதாரணமாக, காற்றில் ஒலியின் வேகத்தைக் காணும் பரிசோதனையை எடுத்துக்கொள்ளலாம். பாடநூலிற் பிள்ளை அவ்வேகத்தை ஓர் எண்ணாக மனனம் செய்யும். அதனை அளத்தல் எளிதன்று; ஒலி ஐந்து மீற்றரைக் கடக்க ஒரு செக்கனின் நூறில் ஒன்றரைப் பங்களவே செல்லும். மாணவன் கைநிறுத்தற் கடிகாரத்தால் அதனைப் பிடிக்க முடியாது. அச்செயலியில் ஓசை கேட்டவுடன் ஓடத் தொடங்கி, அடுத்த ஓசையில் நிற்கும் கடிகாரம் ஒன்றுண்டு. இரு தொலைபேசிகளைச் சரியாக ஐந்து மீற்றர் இடைவெளியில் வைத்தல் வேண்டும். முதலாவதன் அருகில் நிற்பவன் கை தட்டுகின்றான். அது உடனே ஓடத் தொடங்கும். இரண்டாவது, ஒலி தன்னை வந்தடையும் வரை பொறுத்துப் பின் தொடங்கும். சிறிது நேரங் கழித்து இரண்டாவதன் அருகில் நிற்பவள் கை தட்டுகின்றாள். அது உடனே நிற்கும். முதலாவது பிந்தி நிற்கும். ஆகவே முதலாவது கருவி முந்தித் தொடங்கிப் பிந்தி நின்றது. இரண்டன் நேரங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு, ஒலி ஐந்து மீற்றரை இருமுறை, அஃதாவது பத்து மீற்றரைக் கடக்க எடுத்த நேரமாம். வேறுபாடு 0.029 செக்கன் எனின், பத்தை அதனால் வகுக்க, வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 345 மீற்றர்.

விடை கிடைத்தவுடன் பாடம் முடிந்துவிடுவதில்லை. உண்மையில் அங்கேதான் தொடங்குகின்றது. அடுத்த குழுவுக்கு 0.028 செக்கன் கிடைக்க, அவர்தம் விடை 357 ஆகும். மற்றொரு குழு 0.030 பெற்று 333 என்னும். ஆயிரத்தில் ஒரு செக்கன் பிசகினால் வேகம் பன்னிரண்டு மீற்றர் மாறுகின்றது என்பதைப் பிள்ளைகள் தாமே கண்டு, யார் விடை சரி என்று வழக்காடத் தொடங்குவர். ‘பலமுறை அளந்து சராசரி காணலாமே’ என்று ஒருவன் சொல்வான். ‘இடைவெளியைக் கூட்டினால் என்ன’ என்று ஒருத்தி வினவுவாள். புத்தகத்தில் 331 என்றிருக்கத் தமக்கு ஏன் கூடுதலாக வருகின்றது என்னும் ஐயமும் எழும். 331 என்பது பூச்சிய பாகை வெப்பத்துக்குரியது. பாண்டிருப்பின் முப்பது பாகை வெப்பத்தில் அது 349 அளவாகும் என்று அப்போது ஆசிரியர் சொன்னால், அச்சொல் மறவாது. கடற்கரையிலே இதனைச் செய்யப் புகுவோர் தோல்வியுறுவர் என்பதையும் குறித்தல் நன்று. அலையோசையும் காற்றும் கடிகாரத்தைத் தாமே தொடக்கிவிடும். மண்டபத்தின் பின்புறத்தில், காற்றொதுக்கான இடமே ஏற்றது. முடிவில் ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒருவர் கரும்பலகையின் முன் நின்று தம் முறையை விளக்கின், நன்னூலின் எஞ்சிய முக்காற்பங்கும் அவ்வொரு பாடவேளையிற் கைகூடும்.

இதற்கு வேண்டும் பொருள் பெரிதன்று. நாற்பது மாணவருள்ள வகுப்புக்குப் பத்துத் தொலைபேசிகள் போதும். மேற்சொன்ன பரிசோதனைக்கு இரு குழுக்கள் இணைந்துகொள்ளலாம். அவை புதியனவாயிருத்தல் வேண்டியதில்லை. கண்ணாடி வெடித்ததென்றும் மின்கலம் விரைவில் இறங்குகின்றதென்றும் ஒதுக்கப்பட்ட கருவிகள் வெளிநாட்டிலிருந்து பணம் வரும் ஊர்களில் வீட்டு இழுப்பறைகளிற் பல கிடக்கின்றன. பழைய மாணவர் சங்கங்கள் மண்டபத்துக்கு மின்விசிறி வாங்கித் தருவதுபோல இவற்றையும் திரட்டித் தரலாம். சிம் அட்டையை அகற்றி, முன்னிருந்தவர்தம் படங்களையும் செய்திகளையும் முற்றாக அழித்து, வேண்டிய செயலிகளை மட்டும் ஏற்றி, எண்ணிட்டு வைத்தல் அதிபரின் பொறுப்பாகும். மாணவரைப், சிறப்பாக மாணவியரைப், படமெடுத்தல் கூடாது என்னும் விதி உறுதியாயிருத்தல் வேண்டும். இவ்வூர்த் தமிழ்ப் பெற்றோரும் முஸ்லிம் பெற்றோரும் தொலைபேசியை அஞ்சுவது பெரும்பாலும் இதுபற்றியே, அவ்வச்சம் நியாயமானதும் ஆகும். தமிழ்நாட்டின் புதிய பாடநூல்களில் 2018 ஆம் ஆண்டு தொடக்கம் அச்சிடப்பட்ட விரைவுக்குறிகளைப் போன்றவை இணையத்தை வேண்டுவன. அவற்றாற் பெறப்படும் காணொளிகளை முன்னரே இறக்கி வைத்தல் சிக்கனமாகும்.

அறிவியல் ஆசிரியர்க்கே இக்கருவி உரியதென்று எண்ணற்க. தமிழ்ப் பாடத்துக்கு அது ஆற்றக்கூடிய பணி அதனினும் பெரிது. ல, ள, ழ வேறுபாட்டை ஆசிரியர் எத்துணை முறை திருத்தினும் திருந்தாத நா, தன் வாசிப்பைத் தானே ஒலிப்பதிவிற் கேட்டபோது வெட்கித் திருந்தும். அதற்கும் மேலாக, பாண்டிருப்பைச் சூழ்ந்த ஊர்கள் சொல்வளம் மிக்கன. பாண்டிருப்பிலே திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பும் பாரதக் கதையும் உள. வடக்கே மருதமுனையிலே தறியும் பாவும் ஊடையும் உள. கரையெங்கும் கரைவலையும் தோணியும், கொண்டலும் கச்சானும் சோளகமும் வாடையுமாகிய காற்றுக்களின் பெயரும் உள. மேற்கே வயலில் முல்லைக்காரனும் வட்டவிதானையும் சூடுமிதிப்பும் உள. ‘மறுகா’, ‘கிறுகுதல்’ என்பன போன்ற சொற்கள் கிழக்கிலங்கையில் இன்றும் வாழ்வன. தமிழ் மாணவன் தன் அம்மம்மாவிடத்தும், முஸ்லிம் மாணவி தன் உம்மும்மாவிடத்தும் ஒரே பொருளுக்கு வழங்கும் இரு பெயர்களைக் கேட்டு வரலாம். நால்வர் குழுவொன்று, மூத்த நெசவாளரின் இசைவு பெற்று, தறியின் ஒவ்வோர் உறுப்பையும் தொட்டுக் காட்டி அவர் சொல்லும் பெயரைப் பதிவு செய்து, வகுப்பிற் கேட்டு எழுதி, அகராதியோடு ஒப்பிடலாம். அகராதியில் இல்லாத சொற்கள் தனிப் பட்டியலாகும். பதிவின் தலைப்பில் ஊர், தொழில், நாள் ஆகியவற்றை இட்டு, ஒரு படியைப் பாடசாலை நூலகக் கணினியிலும் மற்றொரு படியைச் சொன்னவர் வீட்டிலும் சேர்ப்பித்தல் முறையாகும்.